முன்னால் போகிறவள்

டக். சர்ர். டக். சர்ர். வாராக எங்க வீட்டுக்காரரு, வந்துக்கிட்டுத்தான் இருக்காக. டக்குன்னா கம்பு, சர்ருன்னா வலது காலு. ரெண்டுக்கும் நடுவுல சத்தமே இல்லாம ஒரு எடம் இருக்கு பாரு, அதுதான் எடது காலு. அதுக்கு ஒரு கொறையும் இல்ல, அதனால அது வாயத் தொறக்காது. நான் முன்னால போறேன். திரும்பிப் பாக்கக் கூடாது. வாய்க்கா பாலத்துல செருப்பு வார இழுத்து மாட்டிக்கிட்டு நிக்கிறப்பவே சொல்லிட்டாக. "தவம், நீ முன்னால போ. கையக் குடுக்குறேன் காலப் பிடிக்கிறேன்னு வராத. பேச்சும் குடுக்காத, எனக்கு நடக்கறதுக்கே மூச்சு பத்தாது. திரும்பி மட்டும் பாத்தேன்னு வையி, அந்த எடத்துலயே உக்காந்துருவேன். அப்புறம் இந்த ஜென்மத்துக்கும் மலைப்பக்கம் தல வச்சுப் படுக்க மாட்டேன்." வேற யாரு சொல்லியிருந்தாலும் அட போய்யான்னுட்டு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போயிருப்பேன். இவுக சொன்னா சொன்னதுதான். என் தங்கச்சி கல்யாணப் பந்தியில வாளியத் தூக்கிட்டு வந்த பய, "இவருக்கு அப்புறம் ஊத்திக்கலாம்"னு தாண்டிப் போயிட்டான். அன்னைக்கி விட்டதுதான், இன்ன வரைக்கும் பாயாசம்னு ஒண்ணு அந்த வாயில பட்டதில்ல. பெத்த மக கல்யாணத்துல அண்டாப் பக்கத்துல நின்னு, முந்திரி பத்துமா ஏலக்கா பத்துமான்னு சமையக்காரர அந்தப் பாடு படுத்துனாக, ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாக்கல. தான் பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு சாதிக்கிற ஆளு. அப்பேர்ப்பட்ட மனுசன் உக்காந்துருவேன்னு சொன்னா உக்காந்துருவாக. அதனால நான் பாக்கல. காதாலதான் பாத்துக்கிட்டுப் போறேன். டக். சர்ர். இந்தா, இப்ப சரளைக் கல்லு வருது, சத்தம் மாறும் பாரு. மாறிருச்சு. எனக்குத் தெரியாத கல்லா இது.

இந்த வழிக்குப் பேரு குதுர ரோடு. மேல இருக்க ஏலத்தோட்டத்துக்கு அந்தக் காலத்துல குதுரையில போன பாதைன்னு சொல்லுவாக. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தப்ப முள்ளு மண்டிக் கெடந்துச்சு, ஆடு மேய்க்கிறவுகளத் தவிர ஒரு ஈ காக்கா ஏறாது. எங்க வீட்டுக்காரரு தனுஷ்கோடின்னா, பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்த பெயின்ட் கடைன்னு ஊருக்கே தெரியும். ஞாயித்துக்கெழமையானா கடைய அடச்சுட்டு அருவாளும் தண்ணிப் பாட்டிலுமாக் கெளம்பிருவாக. ஊரே சிரிச்சுச்சு. "கடையும் கல்லாவுமா இருக்கறவனுக்கு மலையில என்ன சோலி, பொதையல் எடுக்கப் போறானா"ன்னு என் காதுபடவே பேசுனாக. பேசுனவுக எல்லாம் இப்ப சக்கரை வியாதிக்கு நடங்கன்னு டாக்டரு சொன்னப்புறம் இதே பாதையிலதான நடக்குறாக, எங்க வீட்டுக்காரரு வெட்டிவிட்ட வழியிலதான கையை வீசிக்கிட்டுப் போறாக. இந்தா, அம்புக்குறி. பாறையில, மஞ்சக் கலருல, பளிச்சுன்னு. இதுக்கு நானும் அவுகளும் ஒரு வாரம் சண்ட போட்டோம். வெள்ளதான் அடிக்கணும்னு அவுக, மஞ்சதான்னு நான். கடைசியில ஒரு பாறையில ரெண்டையும் அடிச்சுப் பாத்துட்டு எறங்கி வந்தவுக, மஞ்ச டப்பாவத் தூக்கி வெளிய வச்சாக. வெள்ள அந்தப் பாறைப்பாசிக்குள்ளயே கரைஞ்சு போச்சுல்ல. இது நான் கலந்த மஞ்ச. வெறும் மஞ்ச இல்ல, கொஞ்சூண்டு ஆரஞ்சு விட்டது, மூட்டம் எறங்குனாலும் கண்ணுல வந்து அடிக்கும். சென்னையில இருந்தும் கோயமுத்தூர்ல இருந்தும் பைய மாட்டிக்கிட்டு வார புள்ளைக, "யாரும்மா இந்த அம்புக்குறி எல்லாம் போட்டது, ஒரு எடத்துலகூட வழி தப்பல"ன்னு கடையில வந்து கேக்கும். எங்க வீட்டுக்காரருன்னு சொல்லுவேன். சொல்லுறப்ப எனக்கு ஒசரம் கூடிரும். கூடட்டுமே, என்னத்துக்குக் குனியணும். எல்லா அம்புக்கும் வாலு லேசா எடது பக்கம் சாஞ்சிருக்கும், அது அவுக கைவாகு. அந்தக் கைதான் இப்ப மடங்குனா விரிய மாட்டேங்குது.

டக். சர்ர். நின்னுருச்சு. நின்னா மூச்சு வாங்குறாகன்னு அர்த்தம். நானும் நிக்கலாமா? நின்னா காவக் காக்குறேன்னு நெனப்பாக. செருப்புல கல்லு ஏறுன மாதிரி குனிஞ்சு வாரத் தட்டுவோம். டக். ஆங், வந்துருச்சு. அன்னைக்கும் இப்படித்தான் ஒரு சத்தந்தான் கேட்டுச்சு. கடையில டப்பா மூடிய நெம்பிக்கிட்டு இருந்தவுக கையில இருந்து ஸ்க்ரூடிரைவரு கீழ விழுந்துச்சு. குனிஞ்சு எடுப்பாகன்னு நான் கணக்கப் பாத்துக்கிட்டே இருக்கேன், குனிஞ்சவுக நிமிரல. வாயி ஒரு பக்கம் கோணி, தவம்னு கூப்பிட வந்தது வேற என்னமோ சத்தமா வருது. மதுரைக்குக் கொண்டுபோயி, கட்டில்ல போட்டு, பக்கவாதம்னு சொல்லி, வலது கையும் வலது காலும் துணி மாதிரிக் கெடந்துச்சு. நான் அழுகல. அழுதா அவுகளுக்குப் பிடிக்காது. ஆனைக்கும் அடி சறுக்கும், எந்திரிப்பீகன்னு மட்டும் சொல்லிக்கிட்டே கால அமுக்கிவிட்டேன். அங்க இருக்கறப்பதான் அந்தப் போட்டோ வந்துச்சு. எழவு, அத நெனைக்கக் கூடாதுன்னு பாத்தா அதுதான் வருது. மேல பாறை முடிஞ்சு மூணு வழி பிரியற மேட்டுல தழைச்சாமி இருக்காரு. செலையும் கெடையாது கோயிலும் கெடையாது, நட்டு வச்ச ஒரு கல்லு, அதச் சுத்தித் தழையாக் குமிஞ்சு கெடக்கும். மலை ஏர்றவுக யாரா இருந்தாலும் ஓடைக்கரையில ஒரு நொச்சித் தழைய வலது கையால ஒடிச்சுக் கொண்டுபோயி அவரு முன்னால போடணும். நான் வந்துட்டேன், பாத்துக்கன்னு அர்த்தம். அவுகவுக தழைய அவுகவுகதான் போடணும். ஒருத்தருக்காக இன்னொருத்தரு போடுறது ஒரே ஒரு தடவதான். மலையில நடந்த ஆளு செத்துப்போனா, கருமாதி முடிஞ்சு வீட்டு ஆளுக ஏறிப்போயி கடைசித் தழை போடுவாக. இனிமே இவரு வர மாட்டாரு, எதிர்பாக்காதன்னு அர்த்தம். அதப் போயி நம்ம ஞாயித்துக்கெழம நடக்குற கூட்டம் செஞ்சு வச்சுச்சு. "அண்ணன் சார்பாகத் தழை போட்டோம், சீக்கிரம் வாங்கண்ணே"ன்னு எல்லாரும் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிற போட்டோ வாட்ஸப்புல வந்துச்சு. பாசத்துல செஞ்சதுதான். பாதிப்பேரு வேலைக்கி மாத்தலாகி வந்தவுக, என்ன தெரியும். ஊருக்காரவுகளுக்கும் அந்த நேரத்துல தோணல போல. அதக் கட்டில்ல படுத்துக்கிட்டுப் பாத்தவுக, எடது கையாலயே போனத் தூக்கி எறிஞ்சாக. அப்புறம் பேசுனாக. அத்தன நாளா ம்ம்ம், ஆஆன்னு கெடந்த மனுசன் மொத மொதல்ல முழுசா ஒரு பேச்சுப் பேசுனாக. "என்னயப் பொதச்சுட்டானுகடி." பேச்சு வந்துருச்சேன்னு சந்தோசப்படுறதா, வந்த பேச்சு இதான்னு அழுகுறதா? நான் ரெண்டையும் ஒண்ணாத்தான் செஞ்சேன்.

அன்னையில இருந்து ஒரே சொல்லு. என் தழைய நான் போடணும். ரப்பர் பந்த வச்சு அமுக்கு அமுக்குன்னு அமுக்கி, கடைக்குள்ள டப்பாவப் பிடிச்சுப் பிடிச்சு நடந்து, அப்புறம் ஊரு முழிக்கிறதுக்கு முந்தி வாய்க்காக் கரையில நடந்து, ஒருத்தர் கண்ணுலயும் படாம எம்புட்டு நடந்துருக்காக. விழுந்துருக்காக. விழுந்ததையும் என்கிட்டச் சொல்ல மாட்டாக, வேட்டியில மண்ணப் பாத்து நானாத் தெரிஞ்சுக்குவேன். இன்னைக்கி செவ்வாக்கெழம, மலையில ஒரு ஆளு இருக்காது, அதான் இன்னைக்கி. மக சுகன்யாகிட்டயும் சொல்லியாச்சு. அவ பாவம், கோயமுத்தூர்ல இருந்துக்கிட்டு தெனம் போனப் போட்டு, "கடையக் குடுத்துட்டு இங்க வந்துருங்கப்பா, பக்கத்துலயே ஆஸ்பத்திரி, லிப்டு இருக்கு, பார்க்கு இருக்கு"ன்னு உருகுறா. இவுக ஒருநா சரின்னுட்டாக. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "தழைச்சாமி மேடு வரைக்கும் ஒத்தையில ஏறிட்டேன்னா இந்த ஊரு. ஏற முடியலைன்னா வாரேம்மா, ஒன் பார்க்குல ஒக்காந்துக்கிறேன்." சொன்னா சொன்னதுதான? ஏங்கிட்ட ஒரு வார்த்த கேட்டாகளா? என் கடை, என் கலரு. சொவத்துத் துண்டக் கொண்டாந்து காட்டுனா அதே நெறத்தக் கண்ணளவுலயே கலந்து குடுக்குறவ நான், என்னயப் போயி நாலாவது மாடியில ஒக்கார வச்சு டிவி பாருங்கறா. மூச்சு முட்டிச் செத்துருவேன். இந்தக் கால இழுத்துக்கிட்டு இவுக எனக்கும் சேத்துத்தான் ஏறுறாக. அது அவுகளுக்குத் தெரியும். வாயில வராது, ஆனா தெரியும். டக். சர்ர். ஏறுங்க சாமி, ஏறுங்க. நல்லாத்தான் ஏறுறீக. ஊருல எவன் ஏறுவான் இப்படி. ரெண்டு காலும் நல்லாருக்கவனே இந்த உசிலமரத்து ஏத்தத்துல முட்டியப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். நம்மாளு நிக்கல பாத்தியா. ஐயோ, போனு. இடுப்புல செருகுனது நடுங்குது. சுகன்யாவாத்தான் இருக்கும். எடுத்தா என்ன சொல்ல? அப்பா பின்னால வாராருடீ, நான் பாக்கலன்னா? வையிவா. அமுக்கிவிட்டேன். கையில எடுத்த போனு கண்ணாடி மாதிரி மின்னுது. ஆத்தாடி, இது தோணவே இல்லையே. இதுல மொகம் பாக்குற கேமரா இருக்குல்ல. அதத் தொறந்து தோளுக்கு மேல லேசாத் தூக்குனா பின்னால வாரது தெரியும். நான் திரும்பலையே, கழுத்து திரும்பலையே. தொறந்துட்டேன். என் மூஞ்சிதான் வருது, வேர்த்து வழிஞ்சு, பொட்டு மூக்குக்கு எறங்கி, திருட்டு முழி முழிச்சுக்கிட்டு. சீ. இந்தத் திருட்டு முழிய வச்சுக்கிட்டுத்தான் ஓம் புருசனப் பாக்கப் போறியா தவமணின்னு எனக்கே கேவலமாப் போச்சு. அணைச்சு இடுப்புல செருகிட்டேன்.

தண்ணிச் சத்தம் கேக்குது. ஓடை வந்துருச்சு. மழை பேஞ்சு ரெண்டு நாளுதான் ஆச்சு, முழங்காலுக்குக் கீழதான் ஓடும், ஆனா கல்லுக்குக் கல்லு கால் வச்சுத் தாண்டணும், பாசி பிடிச்ச கல்லு. இதப் பத்தி நேத்து ராத்திரியே நெனச்சேன், நெனச்சு நெனச்சுத் தூக்கமே வரல. நான் தாண்டிட்டேன். என் காலுக்கே ஒரு கல்லு ஆடுச்சு. ஆடுற கல்ல எடது காலால மிதிக்கணும், கம்ப மேக்க ஊனணும்னு கத்திச் சொல்லணும் போல இருக்கு. யாருக்கு? இந்தக் கல்லப் போட்டதே அவுகதான். சொன்னா வெளங்குன மாதிரித்தான். இந்தக் கரையில முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறேன். டக். அது கல்லுல. அப்புறம் சளக்குன்னு ஒரு சத்தம். ஐயோ தண்ணியில மிதிச்சுட்டாகளா, விழுந்துட்டாகளா, விழுந்தா பெருசாச் சத்தம் வரணுமே, வரலையே. தண்ணி எரைச்சல்ல ஒரு எழவும் கேக்கல. காதாலதான் பாத்துக்கிட்டு வந்தேன், இப்ப காதும் போச்சு. இங்கன நின்னா இப்படித்தான் இருக்கும், தண்ணிச் சத்தம் கேக்காத எடத்துக்குப் போயிரணும், பாறைக்கிப் போனாத் துல்லியமாக் கேக்கும். போறேன். வெரசாப் போறேன். நொச்சி வாசம் அடிக்குது, மூஞ்சியில கெளை உரசுது, தள்ளிக்கிட்டுப் போறேன். பதறாத காரியம் சிதறாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிறேன், சொல்லிக்கிட்டே பதறுறேன். அந்தப் பொதரத் தாண்டிட்டா அப்புறம் ஒரு செடி கெடையாது, சூரியன் அடிக்கிற சொட்டப்பாறைதான், அதுக்கு மேல சாமி. பாறைக்கி வந்துட்டேன். தண்ணிச் சத்தம் அடங்கிருச்சு. இப்ப கேப்போம்.

ஒண்ணும் கேக்கல. ஒரு குருவி கத்துது, சனியன், வாய மூடு. கேக்கல. மூச்சு வாங்குறாக, அம்புட்டுத்தான். ஓடையத் தாண்டுன ஆளு கொஞ்சம் நிக்கத்தான செய்யும். நிக்கட்டும். கேக்கல. இம்புட்டு நேரம் நிப்பாகளா? சளக்குன்னுச்சே. தண்ணியில குப்புற விழுந்து, வலது கை ஊனாம, மூக்கு தண்ணியில இருந்து, அய்யய்யோ, மொழங்காத் தண்ணி போதுமே ஒரு ஆளு உசுருக்கு. திரும்பணும். திரும்பாத. ரோசம் பெருசா உசுரு பெருசா? உசுரு இருந்தாத்தானய்யா ரோசம். நல்லா நின்னுக்கிட்டு இருந்து நான் திரும்பிப் பாத்துட்டேன்னா? ஒக்காந்துருவாக. தண்ணிக்குள்ளயே ஒக்காந்துருவாக அந்த மனுசன். அப்புறம் கோயமுத்தூரு, நாலாவது மாடி. போகட்டும், உசுரோட இருக்கட்டும், நான் டிவி பாத்துட்டுப் போறேன். தழைச்சாமி, மேல ஒக்காந்துக்கிட்டு நீயாவது பாக்குறியே, அவுக வாராகளா இல்லையா, ஒரு காக்காயவாவது அனுப்பி விடு. அவுகளுக்கு மட்டும் ஏதாச்சும் ஆச்சு, ஒனக்கு ஒரு தழை கெடையாது ஆமா, நொச்சிப்பொதர வேரோட வெட்டிப்போட்டுருவேன். என்ன பேசுறேன் நான். கால் தானா நகருது. குதிகால் திரும்பிருச்சு, இடுப்பு திரும்புது, கழுத்து மட்டும் பாக்கியிருக்கு. அந்தக் கழுத்துல வந்து ஒண்ணு பிடிச்சு நிறுத்துச்சு. நான் திரும்புனா என்ன அர்த்தம்? இவுக வர மாட்டாகன்னு நான் முடிவு பண்ணிட்டேன்னு அர்த்தம். தழை போட்டுப் போட்டோ எடுத்தவுக தெரியாமச் செஞ்சத, கூட வாழ்ந்த நான் தெரிஞ்சே செய்யுறேன்னு அர்த்தம். உள்ளுக்குள்ள என்னமோ எந்திரிச்சு நின்னுச்சு. மாட்டேன். எம் புருசன் வருவாக. இந்த மலைக்கே வழி காமிச்ச ஆளு, தான் போட்ட அம்பப் பாத்துத் தானே வருவாக. குதிகாலத் திருப்பி நேரா வச்சேன். மலையப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். என் நெழலு எனக்கு முன்னால பாறையில நீளமாக் கெடக்கு.

டக்.

டக். சர்ர். அடி ஆத்தி. டக். சர்ர். பாறையில கம்பு படுற சத்தத்துக்கு இந்த ஒலகத்துல ஈடு என்ன இருக்கு. வேறெதுவும் வேண்டாம், இத மட்டும் கேட்டுக்கிட்டே கெடப்பேன். என் நெழலுக்குப் பக்கத்துல இன்னொரு நெழலு வருது. மொதல்ல தொப்பி, அப்புறம் தோளு, எடது பக்கம் கம்பு. வலது பக்கம் கைக்கிக் கீழ என்னமோ கொத்தா ஆடுது. தழை. வலது கையில தழை. "என்ன மரம் மாதிரி நிக்கிற, ஒதுங்கு," மூச்சு இழுத்துக்கிட்டு பின்னால இருந்து கொரலு வருது. ஒதுங்குனேன். என்னயத் தாண்டிப் போறாக. முன்னால போற ஆளப் பாக்குறதுக்கு எந்தச் சத்தியமும் தடையில்ல. நல்லாப் பாத்தேன். வேட்டி தொட வரைக்கும் நனைஞ்சிருக்கு, சட்ட முதுகுல ஒட்டியிருக்கு, வலது காலு அரைவட்டம் போட்டுப் போட்டு வருது. ராசா நடை. எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுச்சு, வேற எப்படியும் தெரியல. "ஓடையில என்ன பண்ணுனீக இம்புட்டு நேரம்?" பேசக் கூடாதுங்கறது மறந்து கேட்டுட்டேன். "தழை ஒடிச்சேன். இந்தக் கை ஒடிக்க மாட்டேன்னுருச்சு. எடது கையால ஒடிச்சா ஆச்சா? செல்லாதுல்ல." திரும்பாமயே சொன்னாக. மேட்டுல ஏறி, சாமி முன்னால நின்னு, அந்தக் குமியல கொஞ்ச நேரம் பாத்தாக. "இதுல எது எம் பேருல போட்டது?" எல்லாம் சருகாகி மக்கி ஒண்ணுக்குள்ள ஒண்ணாக் கெடந்துச்சு. "யாருக்குத் தெரியும்"னேன். "மக்கிப் போச்சு. போகட்டும்"னுட்டு வலது கைய நீட்டுனாக. வெரலு விரியல. எடது கையால ஒத்தாச பண்ணப் போயி, வேண்டாம்னு கம்ப இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாக. நின்னுக்கிட்டே இருக்காக. ஒரு வெரலு, அப்புறம் அடுத்த வெரலு. தழை விழுந்துச்சு, பச்சையா, எல்லாத்துக்கும் மேல. "வந்துட்டேன், பாத்துக்க"ன்னாக சாமிகிட்ட. என் கண்ணுல தண்ணி முட்டுது, கன்னத்துக்கு எறங்க விடல, இன்னைக்கி எறங்குனா அது அசிங்கம்.

அப்புறம்தான் என்னயத் திரும்பிப் பாத்தாக. மேலயும் கீழயும் பாத்தாக. "ஓந் தழை எங்க?" ஐயோ. ரெண்டு கையும் வெறுங்கை. வாழ்க்கையில ஒரு தடவகூட மறக்காதவ, நொச்சிக்குள்ளேயே பூந்து வந்தவ, கெளை வந்து மூஞ்சியில அடிச்சும் ஒடிக்கல. நான் முழிக்கிற முழியப் பாத்தாக. வாயி ஒரு பக்கம் கோணுச்சு, ஒடம்புக்கு என்னமோ பண்ணுதுன்னு பதறிட்டேன், பாத்தா சிரிப்பு. படுத்ததுல இருந்து நான் கேக்காத சிரிப்பு. தோளு குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறாக. "என்னயப் பத்திரமாக் கூட்டிட்டு வந்த ஆளு தழை இல்லாம வந்துருக்கா பாரு சாமி. போடி, போயி ஒடிச்சுட்டு வா. நான் போட்டாச் செல்லாது, தெரியுமில்ல." "ஒங்கள ஒத்தையில விட்டுட்டு..." "நான் எங்க போகப் போறேன், எங்க ஊருல ஒக்காந்திருக்கேன். எறங்கு. திரும்பிப் பாக்க மாட்டேன், தைரியமாப் போ." எங்க ஊருல. சொல்லிட்டாகள்ல. சுகன்யா, கேட்டியாடி, ஒங்கப்பா சொல்லிட்டாருடி. சாமிக்குப் பக்கத்துல ஒரு பாறை மேல, மலைப்பக்கம் மொகத்த வச்சு ஒக்காந்துட்டாக. நான் பாறையில எறங்கி ஓடைக்கிப் போனேன். நொச்சிக்கிட்டப் போனதும் நின்னுட்டேன். பொதரு அந்தக் கோலத்துல கெடக்கு. கெளை கெளையாத் திருகித் திருகி விட்டிருக்கு, பட்டை உரிஞ்சு, நாரு தொங்கி, ஒடியாம மடங்கி. கீழ எல்லாம் கசங்குன எலை. அந்தக் கையி ஒண்ணு ஒண்ணாப் பிடிச்சுப் பாத்து, வழுக்கி, அடுத்ததப் பிடிச்சு, வழுக்கி, நான் மேல நின்னு குருவிய வஞ்சுக்கிட்டு இருந்த அம்புட்டு நேரமும் இங்கன இதுதான் நடந்துருக்கு. எடது கை நல்லாத்தான இருக்கு. யாரு பாக்கப் போறா? ஒரு இழுப்புல ஒடிச்சுக் கொண்டு வந்திருக்கலாம். அப்ப அழுதேன். யாரும் இல்லைல்ல, வாய்விட்டு அழுதேன், தண்ணிச் சத்தத்துல எதுவும் மேல கேக்காது. மூஞ்சியக் கழுவிட்டு ஒரு தழைய ஒடிச்சேன். பட்டுன்னு ஒடிஞ்சுச்சு, வெக்கமா இருந்துச்சு. பாறைக்கி வந்து நிமிந்து பாத்தேன். மேல தொப்பியும் முதுகும் தெரியுது. திரும்பல. சொன்னா சொன்னதுதான். ஆனா தல மட்டும் ஒரு பக்கமா லேசாச் சாஞ்சு இருக்கு, காது என் பக்கமா. கேட்டுக்கிட்டு இருக்காக. நான் எறங்குனதுல இருந்து அப்படியேதான் ஒக்காந்திருக்காக போல. அதனால நான் செருப்ப ஓங்கி ஓங்கி வச்சு, நல்லாச் சத்தம் வர மாதிரி ஏறுனேன்.